முந்நூற்று அறுபது இடது கை

எனக்கு வாய் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போகும் மனிதருக்கு நடந்த கெடுதலில் பாதி என் வாயால் நடந்தது. மீதிப் பாதியை அவருடைய அப்பா முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்.

அவர் எங்கள் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். சட்டையும் ஜாக்கெட்டும் தைக்கிற இடம் அது. நான் அங்கே கடைசி மேசையில் செக்கிங் பார்க்கிறேன், இருபத்தாறு வருடமாக. தைத்து வரும் உருப்படியைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டிருந்தாலோ பொத்தான் சாய்ந்திருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. இருவரும் குடியிருப்பது ஒரே கட்டடம். நான் மூன்றாம் மாடி, அவரும் அவர் மனைவியும் இரண்டாம் மாடி. அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கண்ணாடிக்காரி என்றுதான் நான் கூப்பிடுவேன். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கட்டிங் என்றால் கத்தரிக்கோலால் ஒரு துணியை வெட்டுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நீண்ட மேசையில் துணியை ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றெண்பது அடுக்கு விரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பேப்பர். முன்பக்கம், முதுகு, காலர், கை எல்லாம் அதில் கோடாக வரைந்திருக்கும். மாஸ்டர் ஒரு கையில் எஃகு வளையத்தால் பின்னிய உறையை மாட்டிக்கொண்டு, கரண்டில் ஓடும் கத்தியைக் கோட்டின் மேல் ஓட்டுவார். கத்தி ஒரு இடத்தில் பிசகினால் நூற்றெண்பது சட்டை பிசகிவிடும். பத்து வருடத்தில் அவர் கத்தி கோட்டை விட்டு ஒரு நூல் விலகி நான் பார்த்ததில்லை.

தப்பு கத்தியில் நடக்கவில்லை. வழக்கமாக, துணியின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி அடுக்குவார்கள். அப்படி அடுக்கினால் பேப்பரில் இரண்டு கையையும் ஒரே பக்கமாக வரைந்திருந்தாலும் ஒரு அடுக்கில் இடது கை, அடுத்த அடுக்கில் வலது கை என்று தானாக வந்துவிடும். அன்றைக்கு வந்தது ஒரு பக்கம் மட்டும் மெத்தென்றிருக்கும் துணி. விரிக்கிறவர்கள் எல்லா அடுக்கையும் நல்ல பக்கம் மேலே வருகிற மாதிரி போட்டுவிட்டார்கள். பேப்பரையும் மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாஸ்டரும் பழைய பேப்பரின் மேலேயே கத்தியை ஓட்டிவிட்டார். வெட்டி முடித்ததும் மேசையில் முந்நூற்று அறுபது கை. அத்தனையும் இடது கை.

உலகத்தில் யாருக்கும் முந்நூற்று அறுபது இடது கை தேவைப்படுவதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் நான் சும்மா இருந்திருக்கலாம். டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, நம்ம இடதுகை மாஸ்டர் இனிமேல் பாதி ஆளுங்களுக்குத்தான் சட்டை வெட்டுவார் போல என்று சொல்லிவைத்தேன். மேசையே குலுங்கிச் சிரித்தது. ஷிப்ட் முடிவதற்குள் வாசலில் நிற்கும் காவலாளிவரை அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. மாஸ்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கத்தியைக் கீழே வைத்தவர் மறுபடி அதை எடுக்கவில்லை. வெட்டிய துண்டுகளுக்கு நம்பர் ஒட்டுகிற வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை மாறுவது சகஜம்தானே என்று இருந்துவிட்டேன்.

பிறகு சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. வேலைக்குக் கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பார், நாலு படி இறங்குவார், ஏறிவந்து மறுபடி இழுப்பார். பேருந்து போய்விடும். நம்பர் ஒட்டிய கட்டை அவிழ்த்து மறுபடி எண்ணுவார். அந்தச் சமயத்தில்தான் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. நல்ல கனம், நல்ல குரல்.

மாஸ்டர் அந்தக் குழந்தையைத் தூக்கவில்லை. ஒரு நாள் கூடத் தூக்கவில்லை.

எங்களுக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட் என்பதால் காலையில் நானும் அவரும் வீட்டில் இருப்போம். கண்ணாடிக்காரி குளிக்கப் போயிருப்பாள், குழந்தை அழும். மாஸ்டர் படியேறி ஓடிவருவார். "அக்கா, பாப்பா அழுறா, கொஞ்சம் வாங்களேன்." பெற்ற அப்பன் பக்கத்திலேயே நின்றுகொண்டு மூன்றாம் மாடிக்காரியைக் கூப்பிடுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும். நான் போய்த் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வேன். அவர் இரண்டடி தள்ளி நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பொம்பளைப் பிள்ளை பிறந்ததில் வருத்தம் போல என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். கண்ணாடிக்காரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது.

அவளுக்குப் பிரசவ விடுப்பு முடிய ஆறு வாரம் இருந்தது. காலையில் அவள் கடைக்குப் போக, மாஸ்டர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, ஒன்றரை மணிக்கு அவள் திரும்பிவர வேண்டும். இதுதான் குழந்தை வயிற்றில் இருந்தபோதே போட்ட திட்டம். ஒரு நாள் அவள் என் வீட்டுச் சமையலறையில் நின்றபடி, அழாமல், பிசிறில்லாமல் சொன்னாள். "இவர் தூக்கக்கூட மாட்டேங்கிறாரு. நான் யாரை நம்பி விட்டுட்டுப் போறது? எங்கம்மா ஊர்ல ஒரு கடையில வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன் அக்கா. பாப்பாவைக் கூட்டிட்டு அங்கயே போயிடறேன்." வருவது போவது எல்லாம் எப்படி என்று நான் கேட்டேன். அவள் என் டம்ளர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அப்படியே பிரிந்துவிடுவார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

தடுப்பூசி போடுகிற நர்ஸ்தான் கண்டுபிடித்தவர். ஊசி போட்டதும் குழந்தையை அப்பா கையில் கொடுக்க நீட்டியிருக்கிறார். மாஸ்டர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. நர்ஸ் ஒன்றும் கேட்காமல் ஒரு சீட்டு எழுதி, அதே மருத்துவமனையில் பேச்சு மூலம் வைத்தியம் பார்க்கும் ஒரு அம்மாவிடம் அனுப்பிவைத்தார்.

பேசினால் சரியாகும் என்றால் நான் இந்நேரம் இந்த ஊருக்கே வைத்தியம் பார்த்திருப்பேன். அப்படித்தான் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் போனார். போய்விட்டு வந்து, பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்.

முதல் நாள் இவர் போனதும், நான் கவனமில்லாத ஆள், என் கையில் எதுவும் உருப்படாது என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு, உங்களைப் பற்றி இந்த வார்த்தையை முதல்முதலில் சொன்னது யார் என்று கேட்டிருக்கிறார். மாஸ்டருக்கு எட்டு வயதில் அப்பாவின் ரேடியோவைத் தூக்கிக் காட்டப் போய்க் கீழே போட்டது ஞாபகம் வந்தது. அந்த அப்பா அதோடு விடவில்லை. வருகிற விருந்தாளிக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி, இவன் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் அவ்வளவுதான் என்று முடிப்பாராம். எல்லோரும் சிரிப்பார்களாம். இருபது வருடம் அதே கதை. "அப்பா சொன்னது சரின்னு முந்நூத்தி அறுபது கை வந்து சாட்சி சொல்லிடுச்சு அக்கா," என்றார் மாஸ்டர். எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த முறை அந்த அம்மா இன்னும் விநோதமாக ஒன்று செய்தார். தூக்கப் போகும்போது தடுக்கிறதே அது உங்களோடு இருக்கிற ஒன்று, நீங்களே அது இல்லை, அதற்கு ஒரு பெயர் வையுங்கள் என்றாராம். மற்ற டாக்டர்கள் நோய்க்கு மருந்து கொடுப்பார்கள், இவர் பெயர் வைக்கிறார் என்று நான் கிண்டல் செய்தேன். மாஸ்டர் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். முதுகுக்குப் பின்னால் நின்று, பார்த்தியா, நல்லாப் பார்த்தியா என்று கேட்டுக்கொண்டே இருக்கிற ஆள். பூட்டை இழுக்க வைக்கிறவர், கட்டை அவிழ்க்க வைக்கிறவர், நீ தொட்டால் விழும் என்று குழந்தையின் தொட்டில் பக்கத்தில் நின்று சொல்கிறவர். எந்த நேரத்தில் வருவார், யார் பேச்சைத் துணைக்கு இழுத்து வருவார், உங்களிடமிருந்து எதை எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார் என்று அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதினாராம். தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் தலை குனிந்துவிடும் மனிதர், இன்ஸ்பெக்டரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். அன்றைக்குப் பேருந்தில் அவர் முகம் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது. இதில் ஏதோ இருக்கிறது போல என்று எனக்கும் தோன்றியது. ஆனால் வாயைத் திறந்து ஒத்துக்கொள்ளவில்லை.

இன்ஸ்பெக்டர் பேச்சைக் கேட்காமல் நீங்கள் ஏதாவது செய்த நாள் உண்டா என்று அந்த அம்மா கேட்டார். மாஸ்டர் ஒரு வாரம் யோசித்தார். யோசித்துவிட்டு, இது கணக்கில் வருமா தெரியவில்லை என்ற பீடிகையோடு, நகம் வெட்டிய கதையைச் சொல்லியிருக்கிறார்.

குழந்தைக்கு இருபது நாள் இருக்கும்போது நகம் வளர்ந்து முகத்தைக் கீறிக்கொண்டது. சதையோடு வெட்டிவிடுவோமோ என்று கண்ணாடிக்காரிக்குப் பயம். கையுறை மாட்டிப் பார்த்தாள், கழன்று விழுந்தது. ஒரு மத்தியானம் குழந்தை தொட்டிலில் தூங்கும்போது மாஸ்டர் சின்னக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து விரல். ஒவ்வொரு நகமும் பாதி அரிசி அளவு. பத்தையும் வெட்டினார். குழந்தை விழிக்கவில்லை, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

அப்போது இன்ஸ்பெக்டர் எங்கே இருந்தார் என்று அந்த அம்மா கேட்டாராம். மாஸ்டர் திகைத்துப்போய்விட்டார். இன்ஸ்பெக்டர் அன்றைக்கு வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி. "அவ முகத்துல கீறல் இருந்துச்சு. நான் அதைத்தான் பார்த்துட்டு இருந்தேன். என்னைப் பார்க்கல," என்று சொன்னாராம். அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகுதான் வினை என்னைத் தேடி வந்தது. உங்களை நீண்ட நாளாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவர முடியுமா என்று அவர் கேட்க, மாஸ்டர் என்னைக் கூட்டிப் போனார். சின்ன அறை. மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம். அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. எனக்கு அவர் போட்ட கட்டளை: முதலில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். பிறகு, கேட்டதில் எது என் மனதில் நின்றது, அது என் வாழ்க்கையில் எதைத் தொட்டது என்று சொல்லலாம். புத்தி சொல்லக் கூடாது, பாராட்டவும் கூடாது. என் வாயைத் தைத்துவிடுவதற்குச் சமம் அது.

மாஸ்டர் ரேடியோவிலிருந்து நகம்வரை எல்லாவற்றையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் அந்த இடது கை நாளிலிருந்து தன்னைப் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்றும் சொன்னார். அந்தப் பெயர் என்ன என்று சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

என் முறை வந்தது. இருபத்தாறு வருடமாக நான் கோளாறு மட்டும் பார்த்துப் பழகியவள். நல்ல சட்டையில் ஒட்டுவதற்கு எங்களிடம் ஸ்டிக்கரே கிடையாது. அதைத்தான் முதலில் சொன்னேன். பிறகு, அந்தப் பட்டப்பெயர் நான் வைத்தது என்றேன். சிரிப்பு வரட்டும் என்றுதான் சொன்னேன், ஒரு மனிதன் பெற்ற பிள்ளையைத் தொடப் பயப்படுவான் என்று நினைக்கவில்லை என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன்.

மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். "தெரியும்க்கா. அது உங்க மேசையிலதான் ஆரம்பிச்சுதுன்னு அன்னிக்கே தெரியும்."

தெரிந்துதான் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து பேருந்தில் வந்திருக்கிறார். தெரிந்துதான் குழந்தை அழுதால் என்னைக் கூப்பிட வந்திருக்கிறார். இதைவிட அவர் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அந்த அம்மா என்னை விடவில்லை. துணி தப்பாக வெட்டிய அன்றைக்கு வேறு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். வேறு என்ன என்று யாரும் என்னை அதுவரை கேட்டதில்லை. எனக்கும் மாஸ்டருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். எல்லாவற்றையும் நான் பார்த்திருந்தேன். வெட்டி முடித்ததும் மாஸ்டர் கட்டிலிருந்து இரண்டு கையை உருவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்கள் கட்டிங் அறையில் வேறு யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. வெட்டியதை அப்படியே கட்டித் தள்ளிவிடுவார்கள். இவர் வைத்துப் பார்த்தார், முகம் வெளுத்தது, அடுத்த நொடி பக்கத்து மேசைக்கு ஓடினார். அங்கே இன்னொருவர் அதே துணியில், அதே மாதிரி பேப்பரில், ஒரு மூலையை மட்டும் வெட்டியிருந்தார். மாஸ்டர் சுவரிலிருந்து அந்தக் கத்தியின் வயரைப் பிடுங்கி எறிந்தார். பிறகு நேரே மேனேஜர் அறைக்குப் போய்த் தானே சொன்னார்.

"அந்த மேசையில இன்னொரு முந்நூத்தி அறுபது கை இருந்துச்சு மாஸ்டர். அது வீணாகாம நின்னது உங்களால. இதை நான் பார்த்தேன். பார்த்துட்டும் அந்தப் பேரை வெச்சேன்."

மாஸ்டர், அது யாரும் செய்வதுதான் என்று முணுமுணுத்தார். செய்தார்களா என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். எட்டுப் பேர் நின்றிருந்தோம், யாரும் அசையவில்லை என்றேன். மாஸ்டர் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கவனமில்லாத ஆள் என்ற கதைக்குள் இந்த வயரைப் பிடுங்கியவர் எங்கே பொருந்துவார் என்று அந்த அம்மா கேட்டார். பொருந்த மாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

நாலு நாள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் வழக்கமாக அப்படி எழுதுவாராம். பாதிக்கு மேல் மாஸ்டர் சொன்ன வார்த்தைகள்தான். "அவ முகத்துல கீறல் இருந்துச்சு, நான் அதைத்தான் பார்த்துட்டு இருந்தேன் என்று சொன்னீர்கள். அதே கண்தான் இரண்டு கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததோ என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணை நீங்கள் என்ன பெயரால் அழைப்பீர்கள்?" என்று கேட்டு முடித்திருந்தார். மாஸ்டர் அதைக் கண்ணாடிக்காரியிடம் கொடுத்தார். அவர் தூக்காததற்குக் காரணம் ஆசை இல்லாமை அல்ல என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்து, இவ்வளவு நாள் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே இந்த மனுஷன் என்று என்னிடம் கோபப்பட்டாள். கோபப்பட்டதில் எனக்கு நிம்மதி. முன்பு மாதிரி பிசிறில்லாமல் பேசியிருந்தால்தான் பயந்திருப்பேன்.

ஒரே நாளில் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் அது என் வாய்க்கொழுப்பு. பூட்டை இன்றைக்கும் இரண்டு முறை இழுக்கிறார். முன்பு ஆறு முறை. முதலில், கண்ணாடிக்காரி பிள்ளையைப் பிடித்திருக்க, இவர் கீழே உள்ளங்கையை வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கினார், அவள் பக்கத்திலேயே இருந்தாள். நின்றுகொண்டு, தனியாக, ஒரு முறைகூடத் தூக்கவில்லை. விடுப்பு முடிகிற வாரமும் வந்துவிட்டது. தன் அம்மா ஊர்க் கடைக்காரரிடம் அவள் இன்னும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு நாள் பார்க்கிறேன் அக்கா என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அவள் இறங்கிப் போனாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்பதே காலுக்குக் குழந்தை அழ ஆரம்பித்தது. இவர் வந்து கூப்பிடுவார் என்று வாசலுக்கும் அறைக்கும் நடந்தேன். அழுகை ஏறியது. கட்டடமே கேட்கிற அழுகை. ஐந்து நிமிஷம் பொறுத்தேன், அது எனக்கு மிக அதிகம். படியிறங்கிப் போனேன்.

கதவு திறந்தே இருந்தது. மாஸ்டர் அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். குழந்தை அவர் தோளில். சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது, தோளில் கக்கிய பால். குழந்தை விக்கி விக்கி அடங்கிக்கொண்டிருந்தது. பழக்க தோஷம், நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"வேணாம்க்கா. நானே வெச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் போய்விட்டாரா என்று கேட்டேன். இங்கேதான் நிற்கிறார், நிற்கட்டும் என்றார் மாஸ்டர். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே திரும்பி நடந்தார்.

மேசை மேல் போன் அடித்தது. அதை எடுக்க அவருக்குக் கை இல்லை. நான் எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடிக்காரியின் குரல் எனக்கும் கேட்டது. கடையில் ஆள் காத்திருக்கிறார்கள் போல, அவசரமாகக் கேட்டாள்.

"அழுறாளா? அக்கா வந்துட்டாங்களா? அவங்ககிட்டதானே இருக்கா?"

"அக்கா போனைப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க," என்றார் மாஸ்டர். "பாப்பா என்கிட்ட இருக்கா."

லைன் போய்விட்டதோ என்று அவர் இரண்டு முறை ஹலோ சொன்னார். போகவில்லை. அவள் யாரிடமோ, ஒரு நிமிஷம் சார், கண்ணாடி இப்ப தரேன் என்று சொல்வது கேட்டது. அதன் பிறகு அவள் அழுவது கேட்டது. மாஸ்டர் நடப்பதை நிறுத்தவில்லை. நானும் போனை அவர் காதில் பிடித்தபடி அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அவர் கூடவே நடந்தேன்.